கம்ப்யூட்டருக்கும் மூச்சு முட்டும்! - கேபினெட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

"மாமா, ரெண்டர் போட்டா சிஸ்டம் இழுக்குது. ரெண்டு தடவை ஆஃப் ஆகிடுச்சு. கடையில கேட்டா பிராசஸர் போயிருக்கும்னு சொல்றாங்க..."

ஒரு மே மாதம், மதுரையில் இருக்கும் அக்கா மகனிடமிருந்து இப்படி ஒரு போன். விஸ்காம் படிக்கிற பையன். கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொள்கிறான். அந்த கம்ப்யூட்டர், அக்கா சீட்டு எடுத்த பணத்தில் அசெம்பிள் செய்தது. வைகாசி முகூர்த்த சீசனில், நாலு கல்யாண வேலை கையில் இருக்கும்போது மெஷின் மக்கர் செய்தால் எப்படி இருக்கும்? புது பிராசஸருக்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு அக்காவுக்குத் தூக்கமே வரவில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் முழுக்க கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் மூன்று ஃபேன்கள் கலர் கலராகச் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. முன் பேனலை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே வீடியோவைத் திரும்ப ரெண்டர் போடச் சொன்னேன். 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பிராசஸர் 86-க்கு இறங்கியது. வீடியோ முழுதாக முடிந்தது. பிராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது, அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது நாம் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்று ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் அலசுவோம். கடைசியில் மிச்சமிருக்கும் பணத்துக்கு, 'இது பளபளன்னு இருக்கே' என்று ஒரு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வருவோம். ஆனால், மற்ற எல்லாப் பொருள்களும் எவ்வளவு நன்றாக உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தப் பெட்டிதான்.

பெட்டியின் வேலை என்ன?

நம் ஊரில் அந்தப் பெட்டிக்கே 'சி.பி.யு' என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் சி.பி.யு என்பது உள்ளே இருக்கும் பிராசஸர். வெளியே தெரிவது கேபினெட். அதன் முதல் வேலை, உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே அனுப்புவது.

முழு வேகத்தில் ஓடும் ஒரு எடிட்டிங் அல்லது கேமிங் கம்ப்யூட்டர் 400 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாகத்தான் மாறும். ஒரு பெட்டிக்குள் சின்ன அயர்ன் பாக்ஸை ஆன் செய்து வைத்த மாதிரி. உள்ளே இருக்கும் காற்று, அறைக் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க வேண்டுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 2 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். சாதாரண மிட் டவர் கேபினெட்டின் கொள்ளளவு 50 லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... பெட்டிக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் நிமிடத்துக்கு 40 தடவை, அதாவது ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டும்! வழியில் கண்ணாடியை நிறுத்திவிட்டால் அது நடக்குமா?

இன்னொரு விஷயம். ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, நகர்த்த மட்டும்தான் செய்யும். எத்தனை ஃபேன் போட்டாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. மார்கழியில் 25 டிகிரி இருக்கும் அறை, கத்திரி வெயிலில் 36 டிகிரியைத் தொடுகிறது. அறை 10 டிகிரி ஏறினால், அதே வேலையைச் செய்யும் பிராசஸரும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். குளிர்காலத்தில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், மே மாதத்தில் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். ஏ.சி இல்லாத அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கேபினெட் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? இன்றைய டெஸ்க்டாப் பிராசஸர்களில் பலவற்றுக்கு 95 முதல் 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆஃப் ஆகிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. 'கம்ப்யூட்டர் பழசாகிடுச்சு போல' என்று நாமே நினைத்துக்கொள்வோம். போதாததற்கு, 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் துறையின் பழைய கணக்கு. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ் இரண்டிலும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன.

முதலில் முகத்தைப் பாருங்கள்!

கடையில் கேபினெட்டை எல்லோரும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். உள்ளே எரியும் விளக்கெல்லாம் அங்கேதானே தெரியும். நீங்கள் முன்பக்கம் பாருங்கள். அங்கே சின்னச் சின்னத் துளைகளோடு மெஷ் இருக்கிறதா, இல்லை கண்ணாடியோ, பிளாஸ்டிக்கோ வைத்து மூடியிருக்கிறதா?

பார்வைக்கு மெஷ் மாதிரி இருந்தாலும், பின்னால் பிளாஸ்டிக் வைத்து அடைத்திருக்கும் மாடல்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, போன் டார்ச். முன் பேனலைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும்.

மூடிய முகப்புதான் வேண்டுமென்றால், அந்த பேனலுக்கும் ஃபேனுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு விரல் நுழைய வேண்டும். ஓரங்களிலும் காற்று வருவதற்கு நீளமான திறப்பு இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

இது கம்பெனிகளுக்கும் தெரியாத விஷயம் இல்லை. என்.இசட்.எக்ஸ்.டி நிறுவனத்தின் எச்510 என்ற பிரபலமான கேபினெட்டின் முன்பக்கம் மூடியிருக்கும். அதே கேபினெட்டை முன்பக்கம் துளைகளோடு 'எச்510 ஃப்ளோ' என்று பின்னர் அவர்களே கொண்டுவந்தார்கள். கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ, லியான் லி லான்கூல் 216, ஃபிராக்டல் டோரண்ட் எல்லாமே காற்று தாராளமாக நுழையும் திறந்த முகப்பு வைத்தவை. டோரண்டில் 180 மி.மீ அளவில் இரண்டு பெரிய ஃபேன்கள் முன்னால் இருக்கும். லான்கூல் 216-ல் 160 மி.மீ ஃபேன்கள் இரண்டு. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே நிறையக் காற்றைத் தள்ளும். அதனால் சத்தமும் குறைவு. இவை விலை கூடுதலானவை. ஆனால், குறைந்த பட்ஜெட்டிலும் மெஷ் முகப்புள்ள கேபினெட்கள் கிடைக்கின்றன. 'மெஷ் ஃப்ரன்ட் காட்டுங்க' என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

'மீன் தொட்டி மாதிரி முன்னாலயும் பக்கத்துலயும் கண்ணாடி இருக்குற மாடல்தானே இப்போ ஃபேஷன்?' என்று கேட்கலாம். அவை எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. அந்த மாடல்கள் அடிப்பக்கமும் உள்பக்கவாட்டிலும் இருந்து காற்றை எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால், அவற்றில் பல ஃபேன் இல்லாமலே வரும். ஃபேன் வாங்கும் பணத்தையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். அடியில் ஃபேன் போடாமல் விட்டால், அதுவும் வெறும் கண்ணாடிப் பெட்டிதான்.

எத்தனை ஃபேன்... எந்தப் பக்கம்?

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னது இது. "அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா ஜன்னலைத் திறந்து வைக்கணும். இல்லைன்னா புகை எப்படிடா தம்பி போகும்? இது எனக்கே தெரியுமே!"

அதேதான். வெளியேற்றும் ஃபேன் எத்தனை இருந்தாலும், உள்ளே வரும் வழி அடைபட்டிருந்தால் பயனில்லை. பொதுவான விதி சுலபமானது. முன்பக்கமும் அடிப்பக்கமும் உள்ளே இழுக்க, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள. பெரும்பாலானவர்களுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று 120 மி.மீ ஃபேன்களே போதும். பெரிய கிராபிக்ஸ் கார்டு என்றால் முன்னால் மூன்றாக்கலாம். மேல்பக்கத்தில், முன்பக்கத்தை ஒட்டிய இடத்தில் வெளியேற்றும் ஃபேன் வேண்டாம். உள்ளே வரும் புதுக்காற்றை, பிராசஸர் கூலருக்குப் போய்ச் சேரும் முன்பே அது வெளியே இழுத்துவிடும்.

வெளியே போவதைவிட உள்ளே வரும் காற்று கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. அப்போது இண்டு இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், ஃபில்டர் வழியாக மட்டுமே உள்ளே வரும். தூசி குறையும். இதைத் தலைகீழாகச் செய்தால், ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு ஓட்டையும் தூசியை இழுக்கும்.

ஃபேன் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறுக்குச் சட்டங்களும் நடுவில் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். ஒரு டிஷ்யூ பேப்பரைப் பக்கத்தில் காட்டினாலும் தெரிந்துவிடும். அசெம்பிள் செய்து வந்த கம்ப்யூட்டரில் இதை ஒருமுறை கட்டாயம் பாருங்கள். எல்லா ஃபேனும் வெளியே தள்ளும்படி மாட்டப்பட்ட பெட்டிகளும் உண்டு.

விலை குறைந்த கேபினெட்களோடு வரும் ஃபேன்கள் சில, எஸ்.எம்.பி.எஸ்-ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும். ஆன் செய்தது முதல் ஒரே வேகம், ஒரே சத்தம். மதர்போர்டில் செருகும் 4 பின் ஃபேனாக இருந்தால், சூடு ஏறும்போது வேகம் கூடும், சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும். விளக்கு எரிகிற ஃபேன் ஐந்தைவிட, இந்த மாதிரி ஃபேன் மூன்று மேல்.

டேப்போடு போங்கள்!

துணிக்கடைக்கு அளவு ரவிக்கை எடுத்துக்கொண்டு போவதைப் போல, கேபினெட் வாங்கப் போகும்போது நான்கு அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, மதர்போர்டு. ஏ.டி.எக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ, மைக்ரோ ஏ.டி.எக்ஸ் 244 x 244 மி.மீ, மினி ஐ.டி.எக்ஸ் 170 x 170 மி.மீ. பெரிய பெட்டியில் சின்ன போர்டு உட்காரும். சின்னப் பெட்டியில் பெரிய போர்டு உட்காராது.

இரண்டு, கிராபிக்ஸ் கார்டின் நீளம். இரண்டு ஃபேன் உள்ள கார்டுகள் பெரும்பாலும் 200 முதல் 250 மி.மீ. மூன்று ஃபேன் கார்டுகள் 300 மி.மீ-யைத் தாண்டுவது சர்வசாதாரணம். கேபினெட் பெட்டியில் 'அதிகபட்ச நீளம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். முன்பக்கம் வாட்டர் கூலிங் ரேடியேட்டர் மாட்டினால், ஃபேனோடு சேர்த்து சுமார் 52 மி.மீ தடிமன். அது கார்டுக்கான இடத்தில்தான் கை வைக்கும். பெரிய கார்டுகளின் பவர் வயர், செருகிய இடத்திலேயே மடங்கக் கூடாது. கண்ணாடிக் கதவு அதை அழுத்தாத அளவுக்கு அகலமும் வேண்டும்.

மூன்று, பிராசஸர் கூலரின் உயரம். டவர் கூலர்கள் பலவும் 155 முதல் 165 மி.மீ உயரம். கேபினெட்டில் 160 மி.மீ வரைதான் இடம் என்றால், 165 மி.மீ கூலரை வாங்கியபின் கதவு மூடாது.

நான்கு, எஸ்.எம்.பி.எஸ்-ஸின் நீளம். ஏ.டி.எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ் அகலமும் உயரமும் 150 x 86 மி.மீ என ஒரே மாதிரி இருக்கும், நீளம்தான் மாறும். நீளமான எஸ்.எம்.பி.எஸ் பக்கத்தில் ஹார்டு டிஸ்க் கூடும் இருந்தால், வயர்களைத் திணிக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இவற்றோடு, மதர்போர்டுக்குப் பின்புறமும் கொஞ்சம் பாருங்கள். வயர்களை மடித்துக் கட்ட அங்கே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் வயரெல்லாம் முன்பக்கம் தொங்கி, காற்று போகும் வழியை அடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்-ஸில், கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரை ஓட்டாதீர்கள். அதைத் தனியாக, நல்லதாக வாங்க வேண்டும்.

ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

நம் வீடுகளில் ஜன்னல் திறந்தே இருக்கும். தெருத் தூசி, தலைமுடி, பஞ்சு எல்லாம் உள்ளே வரும். அதனால் முன்பக்கமும் அடிப்பக்கமும் டஸ்ட் ஃபில்டர் இருப்பது அவசியம். அதை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையாலேயே உருவ முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். உருவுவது கஷ்டமென்றால் நாம் சுத்தம் செய்யவே மாட்டோம், அடைபட்ட ஃபில்டரும் கண்ணாடி மாதிரிதான். மாதம் ஒருமுறை உருவி, தட்டி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டினால் போதும். பயன்படுத்தாத பின்பக்க ஓட்டைகளை மூடியே வையுங்கள். பல்லி, எறும்பு, கரப்பான்பூச்சி எல்லாம் சூடான இடத்தைத் தேடி வரும்.

வீட்டில் எங்கே வைப்பது?

எவ்வளவு நல்ல கேபினெட் வாங்கினாலும், கம்ப்யூட்டர் டேபிளில் இருக்கும் அந்த மர அறைக்குள் தள்ளிவிட்டால் எல்லாம் வீண். பின்னால் பலகை அடைத்திருந்தால், வெளியே வந்த சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். பலகையை எடுத்துவிடுங்கள், அல்லது பெட்டியை வெளியே வையுங்கள். சுவரிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ் பெரும்பாலும் அடியிலிருந்துதான் காற்றை எடுக்கும். அதனால் மிதியடி, மெத்தை மாதிரி துணியின் மேல் வைக்காதீர்கள். தரையைவிட ஒரு சின்ன ஸ்டூல் நல்லது, தூசியும் குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போது துணி உறை போட்டு மூடுவது கூடவே கூடாது.

கண்ணாடிக் கதவைக் கழற்றும்போது, டைல்ஸ் தரையில் அதன் விளிம்பு படும்படி நிறுத்தாதீர்கள். டெம்பர்டு கிளாஸ் ஓரத்தில் சின்னதாக அடிபட்டாலும் மொத்தமாகப் பொடிந்துவிடும். கட்டிலில் படுக்க வையுங்கள்.

'ஏற்கெனவே வாங்கிட்டேனே!' என்பவர்களுக்கு...

செலவே இல்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறது. வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு, பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் பேனலைக் கழற்றிவிட்டு, அதே அறையில் அதே வேலை, அதே 20 நிமிடம்.

இரண்டு, மூன்று டிகிரி மட்டும் குறைந்தால் கேபினெட் மேல் பழி இல்லை. கூலர், பேஸ்ட், தூசி என்று வேறு இடத்தில் தேடுங்கள். 10 டிகிரிக்கு மேல் குறைந்தால், அடைப்பு முகப்பில்தான். உடனே புதுசு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா, ஃபேன் திசை சரியா என்று முதலில் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். உள்ளே இருப்பது எல்லாம் அப்படியே புதுப் பெட்டிக்கு வந்துவிடும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். பிராசஸருக்குக் கேட்ட விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மெஷ் முகப்பு வைத்த, விளக்கே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து மாமனும் மருமகனுமாக எல்லாவற்றையும் மாற்றினோம். நாலு கல்யாண வீடியோவும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தப் பெட்டி அவனுக்கு இன்னும் பல வருடம் வரும். ஏ.டி.எக்ஸ் என்ற அளவு முறையை இன்டெல் கொண்டுவந்தது 1995-ல். அந்த ஸ்க்ரூ ஓட்டைகள் இன்றைய மதர்போர்டுகளுக்கும் பொருந்துகின்றன. பிராசஸரும் கார்டும் நாலைந்து வருடத்தில் பழசாகும், கேபினெட் பழசாகாது. அதனால் பட்ஜெட் போடும்போது அதைக் கடைசி வரியில் எழுதாதீர்கள். விளக்குக்கு வைத்த பணத்தை மெஷுக்கும் நல்ல ஃபேனுக்கும் மாற்றுங்கள். கடைக்குக் கிளம்பும்போது டேப்பும் போன் டார்ச்சும் கையில் இருக்கட்டும்!